வேதாள வரத தீர்த்தக் கதை

சேதுக்கரைத் தீர்த்தங்களுள் ஒன்றுக்குரிய புராணக் கதை. சாபத்தால் மண்ணில் பிறந்த இரண்டு வித்தியாதரர்களைப் பற்றியது. காந்த புராணத்துப் பிரம காண்டத்தில் 52 அத்தியாயங்களாக அமைந்த சேது மான்மியத்திலும், அதைத் தழுவி 16ஆம் நூற்றாண்டில் நிரம்ப அழகிய தேசிகர் பாடிய சேது புராணத்திலும் இடம்பெறுகிறது. தீர்த்தம் என்ற பேச்சே இல்லாமல், இதே கதை காசுமீரத்துக் கதாசரித்சாகரத்தில் விரிவாக உள்ளது.

இதன் வேர் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை என்பர். அந்நூல் கிடைக்கவில்லை, காலமும் முடிவாகவில்லை. ஏழு இலட்சம் சுலோகங்களைக் குணாட்டியர் தம் இரத்தத்தால் எழுதினாராம். சாதவாகன அரசன் ஏற்க மறுக்கவே ஆறு இலட்சத்தைத் தீயிலிட்டார் என்பது வழிவழிச் செய்தி. தமிழில் அம்மரபைச் சேர்ந்தது கொங்குவேளிரின் பெருங்கதை. முதலும் முடிவும் சிதைந்த நிலையில் கிடைத்த அதை உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார்.

கதையின் முழு வடிவம் தெரிவது சோமதேவரிடம்தான். காசுமீர மன்னன் அனந்தனின் தேவி சூரியமதி மனம் ஆற அவர் பாடிய கதாசரித்சாகரம் 18 இலம்பகமும் 124 தரங்கமும் கொண்டது. அரசி ஆறுதல் தேடக் காரணம் இருந்தது: 1063இல் மகன் கலசனுக்கு முடி சூட்டிய அனந்தன், பிறகு அவனோடு பகைத்து, 1081இல் தற்கொலை செய்துகொண்டான்; சூரியமதி உடன்கட்டை ஏறினாள். நூலின் உள்ளும் அரசியல் சூதுக்குக் குறைவில்லை. அரசி வாசவதத்தை தீயில் மாண்டாள் என்று பொய்ச்செய்தி பரப்பி, வத்த நாட்டு மன்னன் உதயணனுக்கு மகதத்து இளவரசியை மணமுடித்து வைக்கும் அமைச்சன் யௌகந்தராயணன் (பெருங்கதையின் யூகி) அதில் வருகிறான்.

நம் கதையை அங்கே சோமதேவர் நேராகச் சொல்லவில்லை. வித்தியாதர அரசன் சக்திவேகன் உதயணனிடம் தன் பழைய வாழ்வை விவரிக்கிறான். அதற்குள், உத்தலத் தீவில் ஓர் இரவு விட்டுணுதத்தன் என்பவன் தனக்குச் சொன்னதாக இது வருகிறது. பஞ்சத்துக்குத் தப்பிக் காசிக்குப் போகும் கோவிந்தசாமிக்கு அசோகதத்தன், விசயதத்தன் என இரு மக்கள். குளிர்காய்ச்சலில் நடுங்கிய இளையவன், தந்தையோடு சுடுகாட்டுத் தீயருகே போய் அங்கிருந்த மண்டையோட்டைக் கோலால் அடிக்கிறான். தெறித்த மூளை வாயில் பட, அரக்கனாகிக் கபாலஸ்போடன் என்று பெயர் பெறுகிறான்.

மூத்தவன் காசி மன்னன் பிரதாபமுகுடனின் அணுக்கனாகிறான். கழுவிலிருந்தவனுக்கு நள்ளிரவில் தண்ணீர் கொண்டுபோன இடத்தில், அவன் மனைவி என்று சொல்லி ஒருத்தி அசோகதத்தனின் முதுகில் ஏறி நிற்கிறாள். அவள் பிணத்தைத் தின்பது கண்டு காலைப் பற்ற, சிலம்பொன்றை அவன் கையில் விட்டுவிட்டுப் பறந்துபோகிறாள். அவன் கொண்டுவந்த ஒற்றைச் சிலம்பு அரசியின் மனத்தை உறுத்துகிறது. இது மனிதர் வேலையல்ல என்று தட்டார் கைவிரிக்க, இணைச் சிலம்பைத் தேடி அசோகதத்தன் சுடுகாட்டில் மனித இறைச்சி விற்பவனாகக் கூவித் திரிகிறான். நூலில் இதற்கு நிகரான காட்சிகள் சிலவே. சிலம்பு கிடைத்தபின் அரசனுக்குப் பொற்றாமரைமேல் ஆசை பிறக்கிறது. அது பூக்கும் பொய்கைக்கு உரியவன் கபாலஸ்போடன். தமையனைக் கண்டதும் சாபம் தீர்கிறது.

சேது மான்மியத்தில் நைமிசாரணிய முனிவர்க்குச் சூதர் சொல்கிறார். சுதரிசனன், சுகர்ணன் என்ற வித்தியாதரர் காலவ முனிவரின் மகள் காந்திமதியிடம் தகாது நடக்கின்றனர். முனிவர் சபிக்க, இருவரும் விசயதத்தன், அசோகதத்தனாகப் பிறக்கின்றனர். காசுமீர நூலில் அரக்கனானவன் இங்கே வேதாளம். அங்கே தமையன் முகம் தந்த விடுதலையை இங்கே தீர்த்த நீர் தருகிறது. சேது மான்மியத்தின் காலம் உறுதிப்படாததால் எது எதிலிருந்து எடுத்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தீர்த்தம் பின்னால் ஒட்டப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதை நீக்கினாலும் கதை குறைபடவில்லை. விக்கிரமாதித்தன் தோளில் கதை சொல்லும் வேதாளம் வேறு.

தீர்த்தம் இருக்குமிடமும் தெளிவில்லை. தேவிபட்டினத்துச் சக்கர தீர்த்தத்தை அடுத்துச் சேது மான்மியம் இதைச் சொல்கிறது. பெயர் ஒப்புமையால் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையோடு இணைப்பாரும் உளர். அவ்வூர் வரலாற்றில் இடம்பெறுவது வேறு காரணத்தால்: 1538இல் போர்த்துக்கீசியருக்கும் மரக்காயர் கடற்படைக்கும் அங்கே போர் நடந்தது, 1549இல் வடுகர் படையெடுப்பில் அந்தோனியோ கிரிமினாலி பாதிரியார் அங்கே கொல்லப்பட்டார்.

சேது மான்மியம் சொல்லும் வரிசை சக்கர தீர்த்தத்தில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடிகிறது. இன்று யாத்திரிகர் பெரும்பாலும் நீராடுவது அக்கினி தீர்த்தத்திலும் இராமேசுவரம் கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலுமே. வேதாள வரதம் அவற்றில் சேராது.