பட்டம் ஓரிடம், பட்டறை ஓரிடம்: இந்தியாவில் தொடர்பியல் முதுகலையின் கதை

தொடர்பியலில் முதுகலை பயில விரும்பும் மாணவர் முன் இன்று வைக்கப்படும் முதற்கேள்வி, வளாகத்திற்குச் செல்வதா, இணையவழியில் படிப்பதா என்பது. பெருந்தொற்றுக் காலம் விட்டுச்சென்ற புதிய கேள்வி என்றே பலரும் இதனைக் கருதுகின்றனர். ஆயினும் இக்கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல். அதற்கும் அடியில் இன்னும் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. இதழியல் கற்க வருபவருக்கு இரண்டு பொருள்கள் தேவை: செய்து பழக ஒரு பட்டறை, எங்கும் செல்லுபடியாகும் ஒரு பட்டம். இந்தியாவில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தது அரிது.

இக்கதை சென்னை அடையாற்றில் தொடங்குகிறது. அன்னி பெசன்ட் 1914-இல் ஒரு நாளிதழை வாங்கி அதற்கு ‘நியூ இந்தியா’ என்று பெயரிட்டு நடத்தி வந்தார். பிரம்மஞான சபையின் சார்பில் அடையாற்றில் இயங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920-ஆம் ஆண்டளவில் இதழியல் பாடம் தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றவர்கள் ‘நியூ இந்தியா’ அலுவலகத்திலேயே பயிற்சி பெற்றனர். பட்டறை கையருகே இருந்தது. பட்டத்தின் நிலை வேறு. அரசு அங்கீகாரத்துக்கு வெளியே நின்ற தேசியக் கல்வி முயற்சி அது. அதன் சான்றிதழுக்கு அரசுப் பணிமனைகளில் மதிப்பிருக்க வழியில்லை. முயற்சி நெடுநாள் நீடிக்கவுமில்லை. 1938-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் ஷா சுலைமான் ஆதரவில் தொடங்கிய இதழியல் படிப்பும் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று.

நிலைத்து நின்ற முதல் துறை 1941-இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அமெரிக்காவின் மிசௌரியில் இதழியல் பயின்று திரும்பிய பி. பி. சிங் அதனை நிறுவினார். ஆறே ஆண்டுகளில் நாடு பிளவுண்டது. பல்கலைக்கழகமே இரண்டாக, துறை எல்லை கடந்து டெல்லிக்கு வந்து சேர்ந்தது. 1962-இல்தான் அது சண்டிகரில் தனக்கான வளாகத்தை அடைந்தது. பதினைந்தாண்டுக் காலம் சொந்த வளாகம் இன்றியே அத்துறை மாணவர்களை உருவாக்கியது என்பதை, வளாகத்தின் பெருமை பேசுவோர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இதற்கிடையே சென்னை, கொல்கத்தா, மைசூர், நாக்பூர், ஐதராபாத் ஆகிய நகரங்களில் இதழியல் துறைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் வுல்ஸ்லி வந்து கற்பித்தார். மைசூர் மகாராஜா கல்லூரித் துறையை நிலைநிறுத்திய நாடிக கிருஷ்ணமூர்த்தியும் மிசௌரியில் பயின்றவரே. அமெரிக்கச் சாயல் இத்துறைகள் அனைத்தின் மீதும் படிந்திருந்தது. ஆனால் அமெரிக்க இதழியல் பள்ளிகளின் உயிர்நாடியான ஒன்று இங்கு முழுமையாக வந்து சேரவில்லை. மிசௌரியில் மாணவர்களே செய்தி திரட்டித் தொகுத்து ஊரார் காசு கொடுத்து வாங்கும் நாளிதழை வெளியிட்டனர். இங்குப் பெரும்பாலான துறைகளில் வகுப்பறையும் நூலகமும் மட்டுமே இருந்தன. இளங்கலைக்குப் பின் ஓராண்டு இதழியல் இளநிலைப் பட்டம், அதன்பின் மேலும் ஓராண்டு முதுநிலைப் பட்டம் என்ற அமைப்பே பல இடங்களில் வழக்கில் இருந்தது. இரண்டாண்டு முதுகலை பின்னர் பரவியது.

சண்டிகருக்கு இதழியல் துறை இடம்பெயர்ந்த அதே 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்விப் பள்ளியைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்த டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரையே அதற்கு அடிப்படை. கல்லூரிகளில் இடம் போதவில்லை. பகலில் வேலைக்குச் செல்வோரும் வீட்டைவிட்டு வெளியேற இயலாத பெண்களும் பட்டத்துக்குக் காத்திருந்தனர். பாடக்கட்டுகள் தபாலில் சென்றன, விடைத்தாள்கள் தபாலில் திரும்பின. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இவ்வழியில் இறங்கின. ‘கரஸ்ல படிச்சவர்’ என்ற பேச்சுவழக்கில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு ஏளனம் அக்காலத்தில் பிறந்தது. பெண் பார்க்கும் இடத்திலும் வேலைக்கான நேர்காணலிலும் அந்த ஏளனத்தைத் தாங்கியவர்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்களாகவும் இருந்தனர்.

தொடர்பியலைப் பொறுத்தவரை, நாட்டின் உச்ச நிறுவனமே ஒரு வினோதமான ஏற்பாட்டில் நின்றது. யுனெஸ்கோவின் துணையோடும், வில்பர் ஷ்ராம் இடம்பெற்ற வல்லுநர் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்தும், இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965 ஆகஸ்ட் 17 அன்று டெல்லியில் தொடங்கப்பட்டது. அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் இந்திரா காந்தி அதனைத் திறந்துவைத்தார். நாட்டின் செய்தியறைகள் பலவற்றை நிரப்பியவர்கள் அங்குப் பயின்று வெளிவந்தவர்களே. எனினும் அது வழங்கியது பட்டம் அன்று, முதுநிலைப் பட்டயம். 2000-இல் சென்னைக்கு வந்த ஆசிய இதழியல் கல்லூரியும் பட்டயமே வழங்கியது. செய்தியாசிரியர்கள் பட்டயத்தை மதித்தனர். பல்கலைக்கழகங்களோ முதுகலைப் பட்டத்தைக் கேட்டன. விரிவுரையாளர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு எழுதவும், ஆய்வில் சேரவும் அப்பட்டமே அன்று திறவுகோலாக இருந்தது.

இவ்விடைவெளியை நிரப்பியது தொலைநிலைக் கல்வி. வளாகத்தில் பட்டயம் பெற்றவர், பின்பு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைநிலை வழியில் முதுகலைக்குப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் உருவாயிற்று. தொழில் ஓரிடத்தில் கற்கப்பட்டது, பட்டம் வேறோர் இடத்திலிருந்து உறையிலிடப்பட்டு வந்தது. வளாகமா, தொலைநிலையா என்று இன்று எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டும் ஒரே மனிதரின் கோப்பில் அருகருகே கிடந்தன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அறிவித்தது, இத்தகைய இரட்டை வாழ்வுக்குத் தாமதமாகக் கிடைத்த ஒப்புதல் போலவே தோன்றுகிறது.

இத்துறைக்குள் இன்னொரு முரணும் உண்டு. தொலைவிலிருந்து கற்பிப்பதைப் பற்றி உலகமே வியந்து படித்த சோதனை இந்தியாவில் நடந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. 1984 ஆகஸ்ட் 15 அன்று மானியக் குழுவின் ‘நாடளாவிய வகுப்பறை’ தூர்தர்ஷனில் தொடங்கியது. சென்னையிலும் மதுரையிலும்கூட அதற்கான படைப்பு மையங்கள் அமைந்தன. தொடர்பியல் வகுப்புகளில் இவை தேர்வுக்குரிய பாடங்களாயின. ஆனால் அப்பாடத்தைப் படிக்கும் மாணவருக்கு அவ்வழியில் அப்பட்டம் முழுமையாகக் கிடைக்கவில்லை. தொலைநிலை மாணவரின் கையில் இருந்தது அச்சிட்ட பாடநூல் மட்டுமே. 1982-இல் அன்வர் ஜமால் கித்வாய் முயற்சியில், கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிட்ஜ் உடன் நிற்க, டெல்லி ஜாமியா மில்லியாவில் தோன்றிய மக்கள் தொடர்பியல் ஆய்வு மையம் பட்டத்தையும் ஒளிப்படக்கருவியையும் ஒருசேரத் தந்தது. அத்தகைய இடங்கள் மிகச் சில. அவற்றின் இருக்கைகளும் மிகச் சில.

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1987-இல் இரண்டே பட்டயப் படிப்புகளையும் 4,528 மாணவர்களையும் கொண்டு கற்பித்தலைத் தொடங்கியது. பின்னாளில் இதழியலும் அதன் படிப்புகளில் இடம்பெற்றது. நாடெங்கும் கல்வி மையங்கள், வார இறுதி வகுப்புகள், ஒப்படைப்புகள் என ஓர் ஒழுங்கை அது ஏற்படுத்தியது. தொலைநிலைக் கல்வி முழுவதையும் மேற்பார்வையிடும் மன்றமும் அதன் சட்டத்தின்கீழேயே அமைந்தது. கற்பிக்கும் நிறுவனமே கண்காணிக்கும் நிறுவனமாகவும் இருந்த அந்த ஏற்பாடு நல்லதன்று. 2013-இல் அம்மன்றம் கலைக்கப்பட்டு, பொறுப்பு மானியக் குழுவிடம் சென்றது.

அந்த இடைக்காலத்தின் விலையை மாணவர்கள் செலுத்தினர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கு, தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெறாமலே தொலைநிலை வழியில் பொறியியல் பட்டங்களை வழங்கியிருந்தன. நடந்து முடிந்த சேர்க்கைகளுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரப்பட்டிருந்தது. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வனுமதிகளைச் செல்லாதவை என்றது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அப்பட்டத்தால் கிடைத்த பலன்களும் உடன் நின்றன. அவர்கள் மீண்டும் ஒரு தேர்வெழுதித் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. நாற்பது வயதைத் தொட்டவர்கள், குழந்தைகளின் பாடநூல்களுக்கு நடுவே தம் பழைய பாடங்களைத் திறக்கும் நிலை வந்தது. வழக்கு பொறியியலைப் பற்றியது. ஆனால் அங்கீகாரம் என்பது விளம்பரத் தாளில் அச்சாகும் ஒரு சொல் மட்டுமன்று, ஆண்டுதோறும் பாடந்தோறும் சரிபார்க்க வேண்டிய ஒன்று என்பது எல்லாத் துறைக்கும் பொருந்தும். தவறு இழைத்தது நிறுவனங்கள். சுமையில் பெரும்பங்கு மாணவர் தோளில் விழுந்தது.

இன்றைய இணையவழிக் கல்வி 2018-இன் விதிகளாலும், அவற்றுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் வந்த விரிவான விதிகளாலும் இயங்குகிறது. தரமதிப்பீட்டிலோ தேசியத் தரவரிசையிலோ உயர்ந்த நிலையிலுள்ள நிறுவனங்களே இணையவழிப் பட்டம் வழங்கலாம். காணொளி விரிவுரை, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு ஆகிய நான்கும் கட்டாயம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கு எல்லை உண்டு, இணையவழிப் படிப்புக்கு அவ்வெல்லை இல்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே, அத்தகைய முதுகலை பெற்றவர், உரிய மதிப்பெண் இருப்பின், தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். முனைவர் பட்ட ஆய்வை மட்டும் தொலைநிலையிலோ இணையவழியிலோ மேற்கொள்ள இயலாது.

இவ்விதிகளில் கவனிக்க வேண்டியது, இணையவழிக்கு ஆகாத படிப்புகளின் பட்டியல். பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், உணவக மேலாண்மை முதலியன அதில் உள்ளன. கை பழகாமல் கற்க முடியாதவை என்பதே காரணம். இதழியலும் தொடர்பியலும் அப்பட்டியலில் இல்லை. சமையற்கலைக்குப் பட்டறை வேண்டும், செய்தி எழுதுவதற்கு வேண்டாம் என்பது போன்ற முடிவு இது. இணையவழி முதுகலையில் செய்தி எழுதும் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆனால் எழுதியதை ஒருவர் உடனமர்ந்து திருத்தும் மேசை, ஒளிப்பதிவுக் கருவியைத் தோளில் சுமந்து சென்று தவறு செய்யும் வாய்ப்பு, படத்தொகுப்பு அறையில் நள்ளிரவில் நண்பருடன் நடக்கும் வாக்குவாதம் ஆகியவை விதிகளின் நான்கு கூறுகளில் எதிலும் அடங்குவதில்லை. ஏற்கெனவே ஒரு நாளிதழிலோ வானொலியிலோ பணியாற்றுபவருக்கு அப்பட்டறை அலுவலகத்திலேயே இருக்கிறது. பட்டம் மட்டுமே குறை. அவருக்கு இணையவழி பொருந்துகிறது. இளங்கலை முடித்து நேரே வருபவரின் நிலை அதுவன்று. தொலைநிலையோ இணையவழியோ அவருக்குப் பட்டத்தைத் தரும். பட்டறையை அவரே தேடிக்கொள்ள வேண்டும். சிற்றூரிலிருந்து வரும் பெண்ணுக்கோ, வளாகக் கட்டணமும் விடுதிச் செலவும் எட்டாத குடும்பத்தின் பிள்ளைக்கோ, அத்தேடல் மிகக் கடினமானது.

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தை நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவித்தது. தொடங்கி ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தபின், தன் பெயரிலேயே பட்டம் வழங்கும் உரிமை அதற்குக் கிடைத்தது.