பைத்தான் சமூக உரையாடற் களங்களின் ஒருங்கிணைப்பு

பைத்தான் சமூக உரையாடற் களங்களின் ஒருங்கிணைப்பு என்பது, பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிப் பேணிவரும் சமூகம், பல இடங்களில் சிதறிக் கிடந்த தன் கலந்துரையாடல்களை 2018 முதல் 2022 வரையான காலப்பகுதியில் பெருமளவு ஒரே இணைய மன்றத்துக்குக் கொண்டுவந்த நிகழ்வைக் குறிக்கும். மின்னஞ்சல் வழி இயங்கிய மடலாடற்குழுக்களிலிருந்து, டிஸ்கோர்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இயங்கும் மன்றத்துக்கு உரையாடல் மாறியதே இதன் முதன்மைக் கூறாகும். வெளித்தோற்றத்தில் இது ஒரு கருவி மாற்றம் மட்டுமே. ஆனால் மொழியின் எதிர்காலம் பற்றிய முடிவுகள் எங்கே பேசப்படும், அப்பேச்சில் யார் பங்குகொள்ள இயலும், அதை யார் ஒழுங்குபடுத்துவர் என்னும் ஆட்சிமுறைக் கேள்விகளுடன் இது பின்னிப் பிணைந்திருந்தது.

பின்னணி

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் பைத்தானின் முதற் பொதுப் பதிப்பை 1991 பிப்ரவரியில் யூசுநெட் வலையமைப்பின் செய்திக்குழு ஒன்றில் வெளியிட்டார். 1994-இல் இம்மொழிக்கெனவே "காம்ப்.லாங்.பைத்தான்" என்னும் செய்திக்குழு தொடங்கப்பட்டது. இது "பைத்தான்-லிஸ்ட்" என்னும் மடலாடற்குழுவுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் இடப்படும் செய்தி மற்றதிலும் தோன்றும்.

பயனர் எண்ணிக்கை பெருகியபோது, தொடக்கநிலைக் கேள்விகளும் மொழியின் உள்ளமைப்பு பற்றிய விவாதங்களும் ஒரே இடத்தில் நடப்பது கடினமாயிற்று. ஆகவே, மொழியை உருவாக்குவோருக்காக 1999-இல் "பைத்தான்-டெவ்" என்னும் தனி மடலாடற்குழு அமைக்கப்பட்டது. முதிராத கருத்துகளை முதலில் பேசிப்பார்க்க 2006-இல் "பைத்தான்-ஐடியாஸ்" உருவானது. மூல நிரலில் மாற்றம் செய்யும் உரிமை பெற்ற மைய உருவாக்குனர்களுக்கு "பைத்தான்-கமிட்டர்ஸ்" என்னும் குழுவும், நிரற்பொதிகளின் வினியோகம் பற்றிப் பேச மற்றொரு குழுவும் இருந்தன. இவ்வாறு ஒவ்வொரு பிரிவும் தக்க காரணத்துடனேயே தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

2000-ஆம் ஆண்டில் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு, சுருக்கமாகப் பெப், என்னும் நடைமுறை ஏற்படுத்தப்பட்டது. மொழியில் பெரிய மாற்றம் வேண்டுவோர் அதை ஓர் ஆவணமாக எழுதி, பொதுக் கலந்துரையாடலுக்கு வைத்து, பின்னர் இறுதி முடிவைப் பெறவேண்டும். நெடுங்காலம் அந்த இறுதி முடிவு வான் ரோசமிடமே இருந்தது. இதனால் அவர் "நல்லெண்ணம் கொண்ட வாழ்நாள் சர்வாதிகாரி" என வேடிக்கையாக அழைக்கப்பட்டார். முன்மொழிவு நடைமுறை மடலாடற்குழுவை நம்பியே அமைந்திருந்ததால், உரையாடற் களத்தின் குறைபாடுகள் முடிவெடுக்கும் முறையையும் பாதித்தன.

சிதறல்

2018 அளவில் பைத்தான் பற்றிய பேச்சு நடைபெற்ற முதன்மை இடங்கள் வருமாறு:

* மடலாடற்குழுக்கள்: மேற்கூறியவற்றுடன் சிறப்பு ஆர்வக் குழுக்கள் பலவும் இருந்தன.
* வழுப் பதிவகம்: பிழைகளைப் பதிந்து விவாதிக்க 2007 முதல் ரவுண்டப் என்னும் மென்பொருள் பயன்பட்டது.
* கிட்ஹப்: மூல நிரல் 2017 பிப்ரவரியில் மெர்க்கூரியல் களஞ்சியத்திலிருந்து இங்கு மாற்றப்பட்டது. நிரல் மாற்றங்களின் மீதான கருத்துரைகளும் இங்கேயே இடப்பட்டன.
* அரட்டை வழிகள்: ஐ.ஆர்.சி. அறைகள், சூலிப் உள்ளிட்டவை.
* வெளித்தளங்கள்: 2008-இல் தோன்றிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ரெடிட் முதலியன.

ஒரு புதிய கூறினைப் பற்றிய எண்ணம் ஒரு மடலாடற்குழுவில் தோன்றி, மற்றொன்றில் விவாதிக்கப்பட்டு, வழுப் பதிவகத்தில் திருத்தம் பெற்று, கிட்ஹப்பில் நிரலாக முடிவது உண்டு. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதைப் பின்னாளில் அறிய விரும்பும் ஒருவர் இவ்வனைத்தையும் தேடிப் படிக்கவேண்டும். ஓரிடத்தில் கூறப்பட்ட மறுப்பும் அதற்கான விடையும் மற்றோரிடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் இயல்பாயிற்று.

பெப் 572 விவாதம்

இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது 2018-இல் ஆகும். ஒரு கோவையின் உள்ளேயே மாறி ஒன்றுக்கு மதிப்பளிக்க உதவும் ":=" என்னும் குறியீட்டை மொழியில் சேர்க்கப் பெப் 572 முன்மொழிந்தது. இவ்விவாதம் பைத்தான்-ஐடியாஸ், பைத்தான்-டெவ் ஆகிய இரு குழுக்களிலும் பல மாதங்கள் பரவி, நூற்றுக்கணக்கான மடல்களாக நீண்டது. முழுவதையும் படிப்பது முழுநேரப் பணியுடையோருக்கு அரிதாயிற்று. படிக்காதோர் முன்னரே விடையளிக்கப்பட்ட கேள்விகளை மறுபடியும் எழுப்பினர்.

2018 ஜூலையில் வான் ரோசம் இம்முன்மொழிவை ஏற்றுக்கொண்டார். அதைத் தொடர்ந்து ஜூலை 12 அன்று, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தாம் விலகுவதாகப் பைத்தான்-கமிட்டர்ஸ் குழுவுக்கு மடல் எழுதினார். ஒரு முன்மொழிவுக்காக இத்துணைப் போராடி, இறுதியில் பலரின் வெறுப்பையும் பெறும் நிலை இனி வேண்டாம் என்பது அம்மடலின் சாரமாகும். தமக்குப் பின் யார், எம்முறையில் என்பதை மைய உருவாக்குனர்களே தீர்மானிக்கவேண்டும் என்றும் அவர் விட்டுவிட்டார். குறித்த கூறு 2019 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.8 பதிப்பில் இடம்பெற்றது.

இவ்விலகலுக்கு உரையாடற் களம் மட்டுமே காரணம் எனக் கூறவியலாது. மாற்றமே வேண்டாம் எனக் கருதியோரும் பலர் இருந்தனர். எனினும், ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளக்கூடிய ஒரு விவாதத்தை நெறிப்படுத்த மடலாடற்குழுவில் போதிய வசதிகள் இல்லை என்ற கருத்து இதன் பின் வலுப்பெற்றது.

ஒருங்கிணைப்பு

2018-இன் பிற்பகுதியில் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இயங்கும் மன்றம் ஒன்று முயற்சியளவில் தொடங்கப்பட்டது. வான் ரோசமின் விலகலுக்குப் பின் எவ்வகை ஆட்சிமுறை வேண்டும் என்பதைப் பற்றிய பல முன்மொழிவுகள் அதில் விவாதிக்கப்பட்டன. 2018 டிசம்பர் வாக்கெடுப்பில் பெப் 8016 தெரிவு செய்யப்பட்டது. அதன்படி ஐவர் கொண்ட வழிநடத்தல் குழு 2019 தொடக்கத்தில் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வைவரில் வான் ரோசமும் ஒருவராவார்.

புதிய மன்றம் தோன்றியவுடன் சிதறல் குறைந்துவிடவில்லை. மடலாடற்குழுக்களும் தொடர்ந்து இயங்கியமையால், கவனிக்கவேண்டிய இடங்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது. எந்த முன்மொழிவு எங்கே பேசப்படுகிறது என்பதை அறிவதும் கடினமாயிற்று. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இவ்விரட்டை நிலை நீடித்தது.

2022 ஜூலையில், பைத்தான்-டெவ் குழுவில் நடைபெறும் உரையாடலை மன்றத்துக்கு மாற்ற விரும்புவதாக வழிநடத்தல் குழுவின் சார்பில் அறிவிக்கப்பட்டது. முனைப்பாக இயங்கும் மைய உருவாக்குனர்கள் ஏறக்குறைய அனைவரும் அதற்குள் மன்றத்தில் சேர்ந்துவிட்டிருந்தனர். முன்மொழிவுகளுக்கெனவும் மைய உருவாக்கத்துக்கெனவும் தனித்தனிப் பகுப்புகள் மன்றத்தில் உள்ளன. ஒவ்வொரு பெப் ஆவணத்தின் தலைப்பகுதியிலும் அதற்கான உரையாடல் இழையின் இணைப்பு தரப்படுகிறது. முடிவெடுக்கும் நடைமுறையும் உரையாடும் இடமும் இவ்வாறு பிணைக்கப்பட்ட பின்னரே ஒருங்கிணைப்பு உண்மையில் நிகழ்ந்தது எனலாம்.

இதே காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன. பெப் 581-ஐ அடிப்படையாகக் கொண்டு, வழுப் பதிவகம் 2022 ஏப்ரலில் கிட்ஹப்புக்கு மாற்றப்பட்டது. பழைய பதிவகம் படிப்பதற்கு மட்டும் திறந்து வைக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் வலையமைப்பின் நிருவாகத்தில் பூசல் எழுந்தபோது, பைத்தான் அரட்டை அறை லிபெரா.சாட் வலையமைப்புக்குப் பெயர்ந்தது.

தொழினுட்ப வேறுபாடுகள்

பைத்தானின் மடலாடற்குழுக்கள், பைத்தானிலேயே எழுதப்பட்ட குனூ மெயில்மேன் என்னும் மென்பொருளில் இயங்கின. குழுவின் முகவரிக்கு வரும் மடலின் படியை இது உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பும். ஒவ்வொரு மடலும் தான் எம்மடலுக்கு விடை என்பதைத் தன் தலைப்பகுதியில் குறிப்பதால், உரையாடல் கிளைகள் கொண்ட மரமாக விரிகிறது. அனுப்பிய மடலைத் திருத்தவோ மீளப்பெறவோ இயலாது. மடல்கள் அவரவர் கணினியில் சேமிக்கப்படுவதால், வடிகட்டுதலும் தேடுதலும் அவரவர் விருப்பப்படி அமையும்.

டிஸ்கோர்ஸ், ரூபி மொழியில் எழுதப்பட்ட மன்ற மென்பொருளாகும். இதில் உரையாடல்கள் ஒரு வழங்கியின் தரவுத்தளத்தில் உள்ளன. ஓர் இழையின் பதிவுகள் பெரும்பாலும் கால வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். பதிவுகளைப் பின்னர் திருத்தலாம். மட்டுறுத்துனர்கள் திசைமாறிய பதிவுகளைப் பிரித்துப் புதிய இழையாக்கலாம், சூடேறிய இழையில் பதிவுகளுக்கிடையே கால இடைவெளி விதிக்கலாம், இழையை மூடலாம். பொருத்தமற்ற பதிவுகளைப் பயனர்களே சுட்டிக்காட்டலாம். மின்னஞ்சல் வழியே பதிவுகளைப் பெறவும் விடையளிக்கவும் வசதி உண்டு. ஆயினும் அனுப்பப்பட்ட பின் செய்யப்படும் திருத்தங்கள் மின்னஞ்சலில் படிப்போரை எட்டுவதில்லை.

விமர்சனங்கள்

இம்மாற்றத்தை மைய உருவாக்குனர்கள் சிலரும் நெடுநாளைய உறுப்பினர்கள் சிலரும் விரும்பவில்லை. அவர்கள் கூறிய காரணங்களில் முக்கியமானவை:

* மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கோ மென்பொருளுக்கோ உரியதன்று. மன்றத்தில் எழுத அதற்கெனக் கணக்கும் உலாவியும் தேவை.
* பல திட்டங்களில் பங்களிக்கும் ஒருவருக்கு மடல்கள் அனைத்தும் ஒரே அஞ்சற்பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொரு திட்டமும் தனி மன்றம் அமைத்தால், ஒரு சமூகத்தின் ஒருங்கிணைப்பே பங்களிப்பாளருக்குச் சிதறலாகிறது.
* கால வரிசையில் அமைந்த நீண்ட இழையில் கிளை விவாதங்களைத் தொடர்வது கடினம்.

மறுபுறம், மடலாடற்குழுவில் சேர்ந்தால் நாள்தோறும் குவியும் மடல்களே புதியவர்களை அச்சுறுத்தின என்றும், ஒரு இழையை மட்டும் படித்து அதில் மட்டும் எழுத மன்றம் வழிசெய்கிறது என்றும் ஆதரவாளர்கள் கூறினர்.

மட்டுறுத்தல் பற்றிய கேள்வி இவற்றினும் ஆழமானது. உரையாடல் ஓரிடத்தில் குவியும்போது அவ்விடத்தை ஒழுங்குபடுத்துவோரின் அதிகாரமும் குவிகிறது. அங்கிருந்து நீக்கப்படுபவருக்கு அதே சமூகத்தில் பேச வேறிடம் இல்லாமற் போகலாம். 2024 ஆகஸ்டில் நெடுங்கால மைய உருவாக்குனர் ஒருவர், மன்ற உரையாடல்களில் நடந்துகொண்ட முறைக்காக மூன்று மாதங்கள் இடைநிறுத்தப்பட்டபோது இக்கேள்வி பரவலாக விவாதிக்கப்பட்டது. நடத்தை விதிகள் அனைவருக்கும் பொதுவாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என ஒரு சாராரும், தண்டனை மிகையானது என மறு சாராரும் வாதிட்டனர்.

விளைவுகள்

ஒருங்கிணைந்த களத்தின் பயன்பாட்டுக்குப் பெப் 703 தக்க எடுத்துக்காட்டாகும். பல கருக்கள் கொண்ட செயலியிலும் ஒரு நேரத்தில் ஒரு செயற்றொடர் மட்டுமே பைத்தான் நிரலை இயக்க விடும் பூட்டினை விருப்பத்தேர்வாக நீக்குவது இதன் நோக்கம். சாம் குரோஸ் இவ்வெண்ணத்தை 2021 அக்டோபரில் பைத்தான்-டெவ் மடலாடற்குழுவில் அறிமுகப்படுத்தினார். முறையான முன்மொழிவு 2023-இல் மன்றத்தில் விவாதிக்கப்பட்டது. வழிநடத்தல் குழு தன் ஏற்பு எண்ணத்தை 2023 ஜூலையிலும் இறுதி ஏற்பை அக்டோபரிலும் அறிவித்தது. பெப் 572-ஐ விடப் பன்மடங்கு பெரிய மாற்றமாயினும், முடிவின் சுமை தனியொருவர் மீது விழவில்லை. இதற்குக் களம், ஆட்சிமுறை ஆகிய இரண்டின் மாற்றமும் காரணமாகும். இக்கூறு சோதனை நிலையில் 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

முழுமையான ஒருமை ஏற்படவில்லை. நிரல் மாற்றங்கள் பற்றிய பேச்சு கிட்ஹப்பில் நடைபெறுகிறது. அரட்டை அறைகளும் வெளித்தளங்களும் தனித்தே இயங்குகின்றன. யூசுநெட் செய்திக்குழுக்களுக்கு எளிய வாயிலாக விளங்கிய கூகுள் குழுமம், 2024 பிப்ரவரியில் அவற்றின் புதிய செய்திகளுக்கான ஆதரவை நிறுத்தியது. மடலாடற்குழுக்களின் பழைய மடல்கள் இணையத்திலுள்ள காப்பகத்தில் தொடர்ந்து படிக்கக் கிடைக்கின்றன. அவற்றை எண்ணற்ற பெப் ஆவணங்கள் மேற்கோளாகக் காட்டுவதால், அக்காப்பகத்தைப் பேணுவதும் ஒருங்கிணைப்புப் பணியின் ஒரு பகுதியாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

* பைத்தான்
* யூசுநெட்
* மடலாடற்குழு
* கட்டற்ற மென்பொருள்