பந்தயக் குதிரையும் தேநீர்க் கெண்டியும்

யார்க்‌ஷயரின் சந்தை ஊரான டான்காஸ்டருக்கு வெளியே, கான்ட்லி பொதுவெளியில், 1776ஆம் ஆண்டு மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் ஒன்று நடந்தது. வென்றது ராக்கிங்ஹாம் பிரபுவின் பெண்குதிரை. அப்போது அதற்குப் பெயர்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. பந்தயத்திற்கும் 1778இல் ரெட் லயன் விடுதி விருந்தில்தான் பெயர் பிறந்தது. தம் பெயரைச் சூட்ட வேண்டாமென்று மறுத்த பிரபு, பந்தயத்தை வகுத்த ஆண்டனி செயின்ட் லெஜரைச் சுட்டினார் என்பர்.

ஆயினும் அவர் பெயர் வேறோரிடத்தில் நிலைத்தது. அவருடைய ஸ்விண்டன் நிலத்தில் இயங்கிய மட்பாண்டக் கூடத்தின் கரும்பழுப்பு மெருகு, ராக்கிங்ஹாம் மெருகு என்றே வழங்கலாயிற்று. அங்கே செய்த காடகன் கெண்டிக்கு மூடியே கிடையாது. கவிழ்த்துப் பிடித்து அடித்துளை வழியே தேநீரை ஊற்ற வேண்டும், நிமிர்த்தினால் சிந்தாது. கழுவியவர்களின் பாட்டை நாம் எண்ணிப் பார்க்காமலில்லை!

1826இல் கூடம் நொடித்தபோது, நிலத்தின் வாரிசான ஃபிட்ஸ்வில்லியம் பிரபு கைகொடுத்தார். தம் குடும்பச் சின்னமான கிரிஃபின் உருவைப் பாண்டங்களில் பொறிக்கவும் இசைந்தார். 1830இல் நான்காம் வில்லியம் மன்னருக்கான பழவிருந்துத் தட்டுகள் கேட்கப்பட்டன. பிரமெல்ட் குடும்பத்தார் செலவைப் பாராமல் இழைத்தனர். ஒப்படைத்து முடிந்தது 1837இல். மன்னர் மறைந்ததும் அவ்வாண்டே. 1842இல் கூடம் மூடப்பட்டது.

செப்டம்பர்தோறும் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் ஓடுகிறது. ஸ்விண்டனில் ஒற்றைச் சூளை நிற்கிறது.