மரத்துப் பாலும் டின் பாலும்

தோட்டத்து ஜனங்களுக்குப் பால் என்றாலே மரத்துப் பால்தான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று மரம் சீவப் போன பெண்கள், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். ஒருத்திக்கு நானூறு, ஐந்நூறு மரம். வாளியில் எடுத்த பாலை நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை, சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வழியில்லை. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் சீனி போட்ட டின் பால்.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேசினார். உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விற்பது குழந்தைகளைக் கொல்வதற்குச் சமம் என்றார். அவர் கவலையெல்லாம் பிள்ளையைப் பற்றி. பால் கட்டிய மார்போடு மரத்தடியில் நின்ற தாய்க்கு என்ன ஆகும் என்பது அந்தப் பேச்சின் விஷயமில்லை.

அந்தக் கேள்வியை அதற்கு 13 வருஷம் முன்பே இங்கிலாந்தில் ஒருவர் கேட்டிருந்தார். 1926இல் ஜேனட் லேன்-கிளேபன், மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத சுமார் 500 பெண்களையும் ஒப்பிட்டார். நோய் வந்தவர்கள் தாமதமாகக் கல்யாணம் செய்தவர்கள், குறைவாகப் பிள்ளை பெற்றவர்கள், குறைவாகப் பாலூட்டியவர்கள். (இதே அம்மாதான் 1912இல் பெர்லின் குழந்தைகளை வைத்துத் தாய்ப்பாலையும் மாட்டுப் பாலையும் ஒப்பிட்டவர்.) 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு துல்லியமானது: 12 மாதம் பாலூட்டினால் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது, ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் 7 விழுக்காடு. ஒருத்திக்கு இது சின்ன எண்தான். ஒரு சமூகமே மாறும்போது சின்னது இல்லை.

இதை வைத்து ‘அந்தக் காலத்துப் பாட்டிங்க எவ்வளவு ஆரோக்கியமா இருந்தாங்க’ என்று ஆரம்பிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஏழெட்டுப் பிள்ளை பெற்றதும் நாள் முழுக்க நடந்ததும் அவள் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை இல்லை. மலேரியாவிலும் பிரசவத்திலும் செத்தவர்களுக்குப் புற்றுநோய் வருகிற வயதே வரவில்லை.

பிறகு தோட்டங்கள் போயின. சீபீல்ட் தோட்டம் 1970களிலிருந்து சுபாங் ஜெயாவாக மாறியது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேத்திகள் இன்று அடுக்குமாடியில் குடியிருந்து, தொழிற்சாலை ஷிப்டுக்கோ பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கோ போகிறார்கள். ஒன்றிரண்டு பிள்ளை, உட்கார்ந்த வேலை, ராத்திரி பத்து மணிக்கு ரொட்டி சானாய். உடற்பயிற்சி செய்யுங்க, எடையைக் குறைங்க, மது வேண்டாம், ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்க என்று ஆலோசனை சொல்லுவாங்க. எல்லாமே சரியான ஆலோசனைதான். ஆனால் தனியார் துறையில் சட்டப்படி கிடைத்த பிரசவ விடுப்பு 60 நாள். அது 98 நாளானது 2023இல்தான். ஆயாக் கொட்டகைக்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2007–2011 அறிக்கைப்படி, வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சீனப் பெண்களில் 22இல் ஒருவருக்கு, இந்தியப் பெண்களில் 24இல் ஒருவருக்கு, மலாய்ப் பெண்களில் 35இல் ஒருவருக்கு. இதைவிட என்னை உறுத்துவது அடுத்த அறிக்கை. 2012–2016இல் கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டில் இது 43 விழுக்காடு. ஒழுங்காக நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டவளுக்கும் கட்டி வரும். வலிக்காத கட்டியைக் காட்ட ஒரு நாள் சம்பளத்தை விட முடிகிறவள் சீக்கிரம் வருகிறாள்.

மலேசியப் பெண்களின் மார்பகப் புற்றுநோயை ஆராயும் ‘கேன்சர் ரிசர்ச் மலேசியா’வின் ஆய்வகம் இன்று இருப்பது சுபாங் ஜெயாவில், பழைய ரப்பர்க் காட்டு மண்ணில். ஆய்வுக்கு வரும் பெண்களிடம் மரபணுவுக்கு ரத்தம் எடுப்பதோடு, 1926இன் கேள்விகளையும் கேட்கிறார்கள்: எத்தனை பிள்ளைங்க, எத்தனை மாசம் பால் கொடுத்தீங்க?