வீடு என்ற படமும் நிலம் என்ற சட்டமும்

குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு வரியே கூடாது, அதை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட வேண்டும் என்ற கோரிக்கையை 2025இல் அமெரிக்காவின் புளோரிடா மாநில ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையிலெடுத்தார். கேட்டதும் எனக்கே 'நியாயந்தானே' என்று பட்டது. கடன் வாங்கி, வட்டி கட்டி, கிழடு தட்டும்போதுதான் வீடு நம்முடையதாகிறது. அதற்கப்புறமும் வருஷா வருஷம் ஏன் அழ வேண்டும்? இந்த 'நியாயந்தானே'வுக்கு ஒரு வரலாறு உண்டு. அது 1978இல் கலிபோர்னியாவில் நடந்தது.

தமிழில் வீடு என்றால் மனையும்தான், விடுதலையும்தான். அறம், பொருள், இன்பம், வீடு என்கிறபோது அந்த நாலாவது வீட்டுக்குக் கூரையுமில்லை, வரியுமில்லை. கலிபோர்னியாவில் இந்த இரண்டு வீடுகளையும் ஒன்றாக்கிக் காட்டித்தான் ஓட்டு வாங்கினார்கள்.

அமெரிக்காவில் சொத்துவரி என்பது உள்ளூரின் வரி. பள்ளிக்கூடம், தீயணைப்பு, நூலகம் எல்லாம் அதில்தான் ஓடின. கலிபோர்னியாவில் சொத்து மதிப்பீட்டாளர் தேர்தலில் நின்று ஜெயிக்கிற ஆள். எனவே வீடுகளின் மதிப்பைக் குறைத்துப் போடுவார். வியாபாரச் சொத்துக்குக் கூட்டிப் போடுவார். எழுதப்படாத இந்தச் சலுகை சாமானியனைக் காத்தது. கூடவே லஞ்சத்துக்கும் வாசல் திறந்தது. 1960களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோ மதிப்பீட்டாளர் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டார். அதையொட்டி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், எல்லாச் சொத்தையும் சந்தை விலையில் 25 சதவீதம் என்று ஒரே அளவில் மதிப்பிடச் சொன்னது. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் வீட்டுக்கிருந்த பழைய சலுகை செத்துப்போனது. 1970களில் வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறியது. வீட்டின் விலை ஏறினால் பென்ஷன் ஏறுமா என்ன? சமூகவியலாளர் ஐசக் மார்ட்டின் 2008இல் எழுதிய நூலில், வரிக் கலகத்தின் வேர் இப்படிப் பறிபோன பாதுகாப்பில்தான் இருக்கிறது என்று வாதிடுகிறார். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது. கலகக்காரர்களைக் குட்டி பூர்ஷ்வாக்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

அதே சமயம் பழைய வரியையும் புனிதமாக்க வேண்டியதில்லை. 1968–69இல் பணக்கார பெவர்லி ஹில்ஸ் ஒரு மாணவருக்கு 1,232 டாலர் செலவழித்தபோது, பால்ட்வின் பார்க் 577 டாலர்தான் செலவழித்தது. ஊர்ச் சொத்தின் மதிப்பே ஊர்க் குழந்தையின் கல்வியாக இருந்தது. 1971இல் செரானோ வழக்கில் மாநில உச்சநீதிமன்றம் இது சமத்துவத்துக்கு விரோதம் என்றது.

மாநிலக் கஜானாவில் பல நூறு கோடி டாலர் உபரி கிடந்தது. சட்டமன்றமோ நிவாரணத்தைப் பற்றிப் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தியது. அந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள்தான் ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும். 1978 ஜூன் 6 அன்று 13ஆம் முன்மொழிவு சுமார் 65 சதவீத ஓட்டில் ஜெயித்து, சாசனத்தில் 13ஏ என்ற பிரிவாக உட்கார்ந்தது.

இனி பிரதியை வாசிப்போம். வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975–76க்குத் திரும்ப வேண்டும். சொத்து கைமாறும்வரை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பு கூடக்கூடாது. இந்தக் காப்பு யாருக்கு? பிரச்சாரத்தில் இருந்தது கிழவியின் வீடு. சாசனத்தில் இருப்பது எல்லா நிலமும் கட்டடமும். எண்ணெய் ஆலை, கோல்ப் மைதானம், அலுவலகக் கோபுரம் எல்லாம் கிழவியின் முந்தானைக்குள் நுழைந்துகொண்டன. கிழவி ஒருநாள் செத்துப்போவாள், வீடு கைமாறும். கம்பெனி சாகாது. பங்குகள் தினம் கைமாறினாலும் பாதிக்கு மேல் ஒரே கைக்குப் போகாதவரை சொத்து கைமாறியதாகக் கணக்கில்லை.

வாடகைக்குக் குடியிருந்தவன் கதை இன்னும் வேடிக்கை. ஜார்விஸ் லாஸ் ஏஞ்சலிஸ் அடுக்கக உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகி. வரி குறைந்தால் வாடகை குறையும்னு சொன்னார். குறையவில்லை. வாடகைதாரர்கள் தெருவுக்கு வந்தார்கள்; 1979இல் சாண்டா மோனிகாவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. புதிதாக வீடு வாங்கியவர்களுக்கோ வேறு அடி. 1988இல் வீடு வாங்கிய ஒரு பெண், அதேமாதிரி வீட்டில் முன்பிருந்தே இருப்பவர்களைவிடச் சுமார் 5 மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. நார்ட்லிங்கர் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1992இல் 8க்கு 1 என்ற கணக்கில் இது செல்லும் என்றது.

சொத்துவரி வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே அடியில் போனது. மாநிலம் ஈடுகட்டியது. காசு எங்கிருந்து வருகிறதோ அதிகாரமும் அங்கேதான் போகும். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி ஊரை விட்டுத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குக் குடிபோனது. அரசாங்கத்தை ஒடுக்கக் கிளம்பியவர்கள் ஊர்மன்றத்தை ஒடுக்கி மேலிருந்த அரசாங்கத்தைப் பலப்படுத்தினார்கள்.

சாசனம் என்ற பூட்டுதான் இதில் கவனிக்க வேண்டியது. 13ஆம் முன்மொழிவு நிறைவேறச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. நிறைவேறிய பின்போ, மாநில வரியைக் கூட்டச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று அது விதித்தது. ஒருநாள் ஓட்டுப்போட்ட தலைமுறை, பிறக்காத தலைமுறையின் கையைக் கட்டிப்போட்டது. பெரிய வியாபாரச் சொத்துக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி போடலாம் என்ற 15ஆம் முன்மொழிவு 2020இல் 52 சதவீத எதிர்ப்பில் தோற்றது. வீட்டைத் தொடமாட்டோம் என்று எழுதியிருந்தும் தோற்றது!

ஆனால் எல்லா இடத்திலும் ஜனங்கள் இந்தப் படத்தில் மயங்கிவிடவில்லை. விவசாய மாநிலமான வடக்கு டகோட்டாவில், பழமைவாதத்துக்கே ஓட்டுப் போடுகிற ஜனங்கள், சொத்துவரியையே சாசனத் திருத்தத்தால் ஒழிக்கும் யோசனையை 2012இல் சுமார் 76 சதவீதமும், அதையொத்த இன்னொன்றை 2024இல் சுமார் 63 சதவீதமும் நிராகரித்தார்கள். வரி போனால் ரோட்டுக்கும் பள்ளிக்கும் யார் தருவது, தருகிறவன் சும்மா தருவானா என்பதுதான் அங்கே எதிர்த்தரப்பு எழுப்பிய கேள்வி.

வீடு போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1964இலேயே வயதானவர்களுக்கு வருமானத்தை ஒட்டிய வரி நிவாரணம் கொடுத்தது. வருமானம் குறைந்தவரைக் காக்க, நிலம் வைத்திருக்கிற எல்லோரையும் காக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. கலிபோர்னியாவில் முற்போக்காளர்களிடம் பள்ளிக்கூடம் மூடிவிடும் என்ற எச்சரிக்கை இருந்தது. கிழவிக்குச் சொல்லப் பதில் இல்லை. பதில் வைத்திருந்தவன் தன் நிலத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டான். அடுத்தமுறை யாராவது 'குடியிருக்கும் வீடு' என்று உருகினால், நாமும் உருகலாம், தப்பில்லை. ஆனால் சட்டத்தின் வாசகத்தை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டு உருகுவோம்.