நாலு சில்லும் மூன்று காலும்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போவது தெரியாது. சீமெந்து மூட்டை தோளில் போகும். காஸ் சிலிண்டரை இரண்டு பேர் பிடிப்பார்கள். கோழிக்குஞ்சுப் பெட்டியை ஒருவர் தலைக்கு மேலே நீட்ட, படகில் நிற்பவர் வாங்கிக்கொள்வார். நெடுந்தீவில் இருக்கும் என் பெரியம்மாவின் நாலு சில்லு வோக்கரை எங்கே பிடித்துத் தூக்குவது என்றுதான் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. அதை மடிக்க ஆசனத்துக்கு நடுவில் ஒரு பட்டி இருக்கிறது, இழுத்தால் போதும் என்பது எங்களுக்கே அப்போது தெரியாது. விரித்தபடியே தூக்கினோம். சில்லுகள் அந்தரத்தில் சுற்றின. "என்ன அண்ணை, குழந்தைப்பிள்ளை வண்டிலோ?" என்றான் படகில் நின்ற பெடியன். வோக்கர் ஏறிய பிறகுதான் பெரியம்மா ஏறினார். அவரை ஏற்றியது வோக்கர் இல்லை, இரண்டு பெடியன்களின் முழங்கைகள்.

வோக்கரை அனுப்பியது ரொறொன்ரோவில் இருக்கும் மகன். அலுமினியச் சட்டம், இரண்டு கைப்பிடியிலும் சைக்கிளில் இருப்பதுபோல் பிறேக், நடுவில் கறுத்த மெத்தை ஆசனம், கீழே ஒரு பை. ஏறத்தாழ அதே காலத்தில் நயினாதீவில் இருக்கும் மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு பொல்லு வாங்கினார். மடித்தால் கைத்தடி, விரித்தால் முக்காலி. எங்கள் வீட்டில் அதற்குக் கதிரைப் பொல்லு என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே வேலைக்கு வந்தவை: நடக்க வேண்டும், களைத்தால் இருக்க வேண்டும். இருவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இருவரையும் மாறி மாறிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவன் நான். ஆகவே எது நல்லது என்று சொந்தக்காரர் யாராவது தொலைபேசியில் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் என் தலையில்தான்.

பிறப்பைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சில்லு வோக்கரை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பெண்மணி அய்னா வீஃபால்க். 21 வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து தாதியர் படிப்பை விட்டவர். 1978-இல் தன் கஷ்டத்துக்குத் தானே வழி கண்டார். காப்புரிமை எடுக்காததால் எல்லாரும் செய்து விற்கத் தொடங்க, சாமான் உலகமெல்லாம் பரவியது. கதிரைப் பொல்லின் மூதாதை வேறு வகை. வேட்டைக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போன ஆங்கிலக் கனவான்கள், உச்சியில் சின்ன ஆசனம் விரியும் ஒற்றைக்கால் தடியைப் புல்தரையில் குத்தி அதில் சாய்ந்துகொள்வார்கள். இன்றைய மூன்று கால் பொல்லை அதன் வழிவந்தது என்று சொல்லலாம். அதாவது ஒன்று காலில் பலமில்லாதவர் தனக்காகச் செய்தது. மற்றது, கால் நன்றாக இருந்தவர்கள் நெடுநேரம் நின்று அலுத்தபோது வைத்திருந்தது. இந்தப் பிறவிக்குணம் இரண்டையும் விட்டு இன்னும் போகவில்லை.

கடையில் வைத்துப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. பொல்லு ஒரு கிலோவுக்குக் கிட்ட, வோக்கர் அலுமினியம் என்றாலும் ஆறேழு கிலோ. இரும்பென்றால் பத்து வரை போகும். ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தாங்கோ தம்பி, பாரமில்லை" என்று பொல்லை வாங்கிவிடுவார்கள். ஆனால் களைத்துப்போன ஆள் அதில் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். நிற்கிறார். ஊன்றியிருந்த பொல்லை நிலத்திலிருந்து எடுக்கிறார். இரண்டு கையாலும் அதன் கால்களை விரிக்கிறார், ஆசனம் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துகிறார். பிறகு கைப்பிடி தனக்கு முன்னால் வரும்படி வைத்து, காலை அகட்டி, குதிரையில் இருப்பதுபோல் இருக்கிறார். பத்துப் பதினைந்து செக்கன் ஆகும். அவ்வளவு நேரமும் அவர் ஊன்ற எதுவுமில்லை. கால் ஓய்ந்து, தலை கிறுகிறுத்து, இனி முடியாது என்கிற அந்தக் கணத்தில்தான் பொல்லு தன் வேலையை விட்டுவிட்டுக் கதிரையாக மாறப் போய்விடுகிறது.

வோக்கர் அப்படிச் செய்யாது. ஆசனம் எப்போதும் விரிந்தபடி இருக்கும். இரண்டு பிறேக்கையும் கீழே அழுத்திப் பூட்டி, ஒரு கை பிடித்தபடியே திரும்பி இருந்தால் போதும். பிறேக்கைப் பூட்ட மறந்தால் அதுவும் ஆளைக் கவிழ்க்கும் என்பது வேறு கதை. வந்த முதல் கிழமை விறாந்தையில் பெரியம்மா இருக்கப் போக, அது பின்னால் ஓடியது. நல்லகாலம், பின்னால் சுவர். "இருக்கலாமெண்டு சொன்னான். இருக்கப் போனால் ஓடுது" என்று மகனைத் தொலைபேசியில் பிடித்து ஏசினார். இப்போது எங்கே இருந்தாலும் முதலில் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் இருப்பார். அவரை அதில் இருத்திவைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று பேரப்பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம் உண்டு. கூடவே கூடாது. அது தள்ளுவண்டி இல்லை. சின்னச் சில்லு ஒரு கல்லில் தடக்கினால் ஆள் பின்பக்கமாக விழுவார்.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி பாரமோ விலையோ இல்லை: ஆள் களைக்கிறாரா, தள்ளாடுகிறாரா? களைக்கிறவருக்குப் பொல்லு, தள்ளாடுகிறவருக்கு வோக்கர். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத சாதாரணக் கதிரையில் இருத்தி, கையை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். எழும்ப முடியாவிட்டால் கதிரைப் பொல்லை மறந்துவிடலாம். அந்தச் சின்ன ஆசனத்தில் இருந்து எழும்புவது இதைவிடக் கஷ்டம். கிளினிக்குகளில் செய்கிற இன்னொரு சோதனையும் உண்டு. கதிரையில் இருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழுகிற ஆபத்து உள்ளவர் என்று கணக்கு. மாமாவுக்கு 10. பெரியம்மா நேரம் எடுக்கிற விஷயத்தையே அவமானமாக எடுத்துக்கொண்டார், ஆகவே எண்ணைச் சொல்லவில்லை.

நோயும் ஒரு கணக்கு. நாரி எலும்புக்குள் நரம்பு நெரிபட்டு, கொஞ்சத் தூரம் நடந்தாலே கால் விறைக்கிறவர்களுக்கு முன்னால் குனிந்தால் சுகம். அவர்களுக்கு வோக்கரில் சாய்ந்து நடப்பதே பாதி மருந்து. மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். பக்கவாதம் வந்து ஒரு கை வழங்காதவருக்கு இரண்டு கைப் பிறேக் சரிவராது. பார்க்கின்சன் நோயாளிக்கு வோக்கர் முன்னால் ஓடிவிடக்கூடும். இவர்களுக்கெல்லாம் இயன்மருத்துவரிடம் கேட்காமல் எதையும் வாங்கிக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். உயரம் மட்டும் இரண்டுக்கும் ஒரே விதி: செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்புக்குக் கைப்பிடி வர வேண்டும்.

இதோடு விஷயம் முடிந்துவிடும், நாங்கள் கொழும்பில் இருந்தால். தீவில் நிலத்தையும் கேட்க வேண்டும்.

ஊர்காவற்றுறைக்காரருக்கு இதில் கரைச்சல் குறைவு. பண்ணைப் பாலத்தால் ஓட்டோ வீட்டுப் படலைவரை வரும். மடித்த வோக்கர் பின்சீற்றில் காலடியில் கிடக்கும். அங்கிருந்து காரைநகருக்குப் போவதென்றாலும் 'பாதை' என்கிற அந்தத் தட்டை மிதவையில் மோட்டார் சைக்கிளே உருண்டு ஏறுகிறது, வோக்கர் ஏறாதா? ஆதார வைத்தியசாலையும் கைக்கெட்டிய தூரத்தில். அந்த ஊரில் தள்ளாடுகிற ஒருவர் பொல்லோடு நடக்கிறார் என்றால், வோக்கர் பிடித்தால் வயசாளி என்று சனம் சொல்லும் என்கிற வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தீவு வேறு. அங்கே வேலிக்குப் பதில் முருகைக்கல் மதில், நிலத்துக்குக் கீழேயும் முருகைக்கல், ஒழுங்கையில் கிடப்பதும் முருகைக்கல் நொருங்கல். சுவீடனின் நடைபாதைக்குப் பிறந்த சில்லு இதை என்ன செய்யும்? பெரியம்மாவுக்கு முதலில் வந்தது 6 அங்குலச் சில்லு. முன்சில்லு இரண்டும் நாலு பக்கமும் திரும்புகிற வகை. ஒரு கல்லுத்துண்டு குறுக்கே கிடந்தால் சில்லு குறுக்காகத் திரும்பி நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் ராசாத்தி மாதிரி நடந்த பெரியம்மா, படலைக்கு வெளியே வந்ததும் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றார். பிறகு 8 அங்குலச் சில்லு வைத்த ஒன்றை மகன் மாற்றி அனுப்பினான். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. 10 அங்குலமும் இருக்கிறதாம். ஆனால் அது இன்னும் அகலம், இன்னும் பாரம், எங்கள் பழைய வீட்டுக் குளியலறை வாசலால் போகாது. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள் நிறத்தையும் பையையும் பார்க்கிறார்கள். சில்லின் விட்டத்தையும் வாசலின் அகலத்தையும் கேட்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

அதே ஒழுங்கையில் பொல்லு சுகமாகப் போகும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் நிலம் கிடைத்தால் அதற்குப் போதும்.

நயினாதீவில் பிரச்சினை மணல். ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவில் மாமாவோடு வீதி சுற்றியபோது பார்த்தேன். மணலில் சில்லு புதைந்துவிடும், வோக்கரைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். பொல்லு நடக்கும்வரை பரவாயில்லை. இருக்கப் போனால்தான் வினை: மூன்று காலில் ஒன்று மட்டும் புதையும், ஆசனம் சரியும். மாமா ஒரு வித்தை வைத்திருக்கிறார். பொல்லால் நிலத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார், தேங்காய் வாங்குகிறவர் தட்டுவதுபோல. சத்தம் பிடித்தால்தான் விரிப்பார். இல்லாவிட்டால் சீமெந்துத் தரை வரும்வரை இன்னும் இருபது அடி நடப்பார். களைக்கிறவர் என்பதால் அந்த இருபது அடி அவருக்கு முடிகிறது. பெரியம்மாவுக்கு முடியாது.

கோயிலுக்குள் வேறொரு சங்கடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடத்துக்கு, ஒழுங்கையெல்லாம் உருண்ட சில்லைக் கொண்டுபோகலாமா? பொல்லின் றப்பர் நுனியும் அதே ஒழுங்கையில் ஊன்றியதுதான், ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரியம்மா வந்த அன்று வாசலில் தண்ணீர் வாங்கி நாலு சில்லையும் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே தள்ளினோம். கும்பிடுகிற நேரம் கைப்பிடியை விட்டுக் கைகூப்ப அவர் பயந்தார். ஒரு கையால் கும்பிட்டார். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு எல்லாரும் நிலத்தில் இருக்க, இருவரும் தங்கள் தங்கள் ஆசனத்தில் இருந்து மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அதில் வோக்கர் ஆசனம் நல்லது. பொல்லின் ஆசனம் ஒரு கோப்பை அகலம், அரை மணித்தியாலத்துக்கு மேல் அதில் இருந்தால் தொடை விறைக்கும்.

உப்புக்காற்று இரண்டையும் தின்னும். வோக்கரில் பிறேக் கேபிள், பொல்லில் பூட்டுகிற வில்லுச்சுருள். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற நெடுந்தீவில் அதை வாசித்துக் காட்டினால் அடிக்க வருவார்கள். ஈரத்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் போடாமல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவதோடு சரி. பெரியம்மாவின் இடப்பக்கக் கேபிள் அறுந்தபோது சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் கேபிளையே அளவாக வெட்டிப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷமாகப் பிடிக்கிறது. பொல்லுக்குத் தேய்கிற றப்பர் நுனியை மாற்றுவது மட்டும்தான், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் வாங்கலாம். நுனியின் வரிகள் அழிந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரச் சீமெந்தில் அது சவர்க்காரம் மாதிரி வழுக்கும்.

இனி அந்த இறங்குதுறை. துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு எட்டுத் தூரம், அதுவும் ஒரே உயரத்தில் நிற்காது. காற்றுக்கும் படகில் ஏறிய பாரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். நயினாதீவுப் படகில் ஏறினால் உள்ளே குனிந்து படியால் இறங்க வேண்டும். அந்த ஒரு எட்டில் வோக்கரால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது வெறும் சாமான். பொல்லோ கையில் தொங்கியபடி ஆளோடு வரும், மறுகரையில் இறங்கியவுடன் வேலைக்குத் தயார். படகு பிந்தினால் துறையிலேயே விரித்து இருக்கலாம். இந்த இடத்தில் மட்டும் பொல்லு முழுசாக வெல்கிறது. அதனால்தான் தீவார் பலர் தள்ளாடுகிற ஆளுக்கும் பொல்லையே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை வருகிற ஒரு எட்டுக்காக மற்ற இருபத்தொன்பது நாளையும் ஆபத்தில் விடுகிற கணக்கு அது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பேசுகிறது. 2006-இல் சாய்தளம், வாசல் அகலம் பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. மரம் விழுந்து கால்கள் செயலிழந்த முன்னாள் கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று கட்டளையிட்டது. விதியும் கட்டளையும் பேசுவது பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றி. துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு, இருபக்கமும் கயிறு கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் கண்ட வழி குறுக்குவழி. பாரிசில் இருந்து வந்த மைத்துனி பழைய வோக்கர் ஒன்றை விட்டுப்போனார். அதைக் குறிகாட்டுவானில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்திருக்கிறோம். பெரியம்மாவின் வோக்கர் இப்போது நெடுந்தீவை விட்டு அசைவதில்லை. துறைவரை அதில் வருவார், படகில் பெடியன்களின் முழங்கை, இந்தக் கரையில் மற்றது. போன கிளினிக் அன்று நாங்கள் இறங்கும்போது அதில் ஒரு முதியவர் இருந்து, பிறேக்கை முறையாகப் பூட்டி, சுவரோடு ஒட்டி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். கையை ஊன்றித்தான் எழும்பினார்.

"இருங்கோ, இருங்கோ. பஸ் வர நேரமிருக்கு" என்றார் பெரியம்மா, என் முழங்கையை விடாமல்.