மூன்றெழுத்துக் கையொப்பம்

நம் குடியிருப்பில் நாணயம் சேர்ப்போர் உளர். அஞ்சல்தலை சேர்ப்போரும் உளர். போர்த் தலைவர்களின் வரலாற்று நூல்களில் முதற்பதிப்பை, அதிலும் ஆசிரியர் தம் கையால் ஒப்பமிட்ட படியைத் தேடுவோர் மேனாடுகளில் மிகுதி. எழுத்தர் ஊதியத்தில் வாழும் எனக்கும் அந்த ஆசை ஒருமுறை உண்டாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தலைநகரில் பழைய புத்தகக் கடையொன்றில் 'ஞானத்தின் ஏழு தூண்கள்' என்னும் ஆங்கில நூலைக் கண்டேன். முதல் உலகப் போரில் துருக்கியரை எதிர்த்து எழுந்த அராபியருக்குத் துணைநின்ற டி. இ. லாரன்ஸ், தம் போர் அனுபவங்களைத் தாமே எழுதிய நூல் அது. 1935-ஆம் ஆண்டுப் பதிப்பு. முதல் ஏட்டில் 'டி. இ. லாரன்ஸ்' என மையால் எழுதிய ஒப்பம். கடைக்காரர் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தை எட்டியது. ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். பிறகுதான் அந்நூலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1919-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தில் ரெடிங் புகைவண்டி நிலையத்தில் வண்டி மாறும்பொழுது, முதற் கைப்பிரதி இருந்த பையை லாரன்ஸ் தவறவிட்டார். அது கிடைக்கவேயில்லை. கேட்பாரற்ற மூட்டைகளைப் பதிவேட்டில் ஏற்றும்போதெல்லாம் எனக்கு அந்தப் பை நினைவுக்கு வருகிறது. நினைவிலிருந்தே நூல் முழுவதையும் மீண்டும் எழுதினார். அதுவும் மனத்துக்கு இசையாமல் மறுபடி எழுதினார். 1922-இல் எட்டுப் படிகள் மட்டும் அச்சாயின. பின்னர்ச் சுருக்கி, ஓவியங்கள் சேர்த்து, 1926-இல் முன்பதிவு செய்தோருக்கென ஏறத்தாழ இருநூறு படிகள் அச்சிட்டார். விலை 30 கினி. செலவோ அதனினும் மிக அதிகம்.

அப்பொழுது அவர் பெயர் லாரன்ஸ் அன்று. புகழை வெறுத்து, ஷா என்னும் பெயரில் விமானப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்திருந்தார். ஆகவே நிறைவான படிகளில் 'முழுப்படி' என்று ஆங்கிலத்தில் எழுதி, 'டி. இ. எஸ்.' என மூன்றெழுத்தில் ஒப்பமிட்டார். அம்மாதமே கப்பலேறி, 1927 சனவரியில் கராச்சி வந்து, டிரிக் ரோடு முகாமில் என்ஜின் பழுதுபார்க்கும் பிரிவில் எழுத்தர் வேலை பார்த்தார். நம் இனம்!

எல்லோரும் வாங்கத்தக்க பதிப்பு வந்தது 1935 சூலையில். மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி அவர் இறந்ததோ அவ்வாண்டு மே 19-ஆம் நாள். நான் முன்பணம் கொடுத்த நூலில் அவர் எவ்வாறு ஒப்பமிட்டிருக்க இயலும்?

இவ்வகை மயக்கம் பழையதே. அமெரிக்கத் தளபதி கிராண்ட், கடனில் மூழ்கிய குடும்பத்தைக் காக்கவேண்டித் தொண்டைப் புற்றுநோயோடு தம் வரலாற்றை எழுதி முடித்து, 1885 சூலை 23-இல் மறைந்தார். நூல் வெளிவந்தது அவ்வாண்டு டிசம்பரில். அதன் முகப்பிலுள்ள காணிக்கை அவருடைய கையெழுத்தே. ஆயினும் அச்சில் பதிந்த நகல். அதனை மெய்யொப்பமென்று நம்பியோர் பலர்.

மறுநாள் கடைக்காரரிடம் தேதிகளைச் சொன்னேன். "ஒப்பம் பொய்யானால் என்ன, நூல் மெய்தானே?" என்றார். முன்பணத்தைத் திருப்பித்தர மறுத்தார். நெடுநேரம் பேசி, அந்த ஐந்நூறுக்கே நூலைப் பெற்றுவந்தேன். அந்த முதல் ஏட்டைக் கிழித்தெறிய வேண்டும் என்கிறாள் என் மனைவி. எனக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.